கம்பனைக் கேட்க மூன்று பேர்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நல்ல கலையை ரசிக்க இன்று யாருக்கும் மனசில்லை என்று வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். என்னால் முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. திருச்சூர் பூரத்தில் இலஞ்சித்தறை மேளம் என்கிற செண்டை மேளம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளும். நல்ல வெயில். தாளத்தின் வேகம் ஏற ஏற, கல்லூரிப் பையன்கள் காற்றில் கையை வீசித் தாளம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாரும் சங்கீத வகுப்பு எடுக்கவில்லை.

ஆனால் போன மாசியில் ஒற்றப்பாலம் பக்கம் அக்கா வீட்டுக்குப் போனபோது வேறொன்றையும் பார்த்தேன். அங்கே காவில், அதாவது பகவதி கோயிலில், திருவிழா. செண்டை முடிந்து வாணவேடிக்கையும் முடிந்ததும் மைதானம் காலி. அதற்கப்புறம்தான் கூத்துக்கென்றே கட்டின கூத்துமாடத்தில் விளக்கேற்றினார்கள். தோல்பாவைக்கூத்து, திரையில் பாவைகளின் நிழல் விழ ஆடுகிற கூத்து. திரைக்கு முன்னால் நான், சாக்கை விரித்து உட்கார்ந்த இரண்டு பாட்டிகள், ஒரு நாய். ஒரு பையன் வந்தான், செல்போனில் கொஞ்சம் படம் பிடித்தான், போய்விட்டான்.

பாடினது கம்பராமாயணம் ஐயா! கும்பகர்ணனை எழுப்புகிற கட்டம். 'எழுந்திராய், எழுந்திராய்' என்று உள்ளேயிருந்து குரல் வந்தபோது, பட்டிமன்றங்களில் கேட்ட வரி மலையாளக் காவில் நடுராத்திரி கேட்கிறதே என்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. அனுமதி கேட்டுப் பின்பக்கம் போனேன். வரிசையாகத் தேங்காய் மூடிகளில் எண்ணெய் விளக்கு, இருபத்தொன்று. சூடும் எண்ணெய் வாசனையும் முகத்தில் அடித்தன. வயசான புலவர் (கூத்து நடத்துகிறவரை அப்படித்தான் சொல்கிறார்கள்) ஒருவர் ஏடும் இல்லாமல் புத்தகமும் இல்லாமல் பாட்டைச் சொல்லி, பாதி தமிழும் பாதி மலையாளமுமாக அர்த்தம் சொல்லிக்கொண்டே போனார். கையில் பொடிப்பொடியாகத் துளையிட்ட தோல் பாவை. வெளியே எத்தனை பேர் என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை.

பார்க்கத் தேவையும் இல்லை. தாரிகன் என்கிற அசுரனோடு சண்டைக்குப் போனதால் ராவண வதத்தைப் பார்க்க முடியாத பகவதிக்காகத்தான் இந்தக் கூத்து. மாடமே அம்மன் நடையைப் பார்த்துத்தான் கட்டியிருக்கும். ஏழு, பதினாலு, இருபத்தொன்று என்று ராத்திரிக் கணக்கில், பக்தர்களின் நேர்ச்சையில், அதாவது வேண்டுதலில், ஓடுகிற கலை இது. இதற்காக 2021இல் தோல்பாவைக்கூத்துக் கலைஞர் ராமச்சந்திர புலவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சந்தோஷம்தான், அதனால் சாக்கில் உட்கார ஆள் கூடிவிடவில்லை.

அந்த ஊர்க்காரர்களுக்குக் கம்பன் தமிழ் பிடிபடுவதில்லை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புரிகிற நாம் எங்கே? பாலக்காடு மாவட்டத்திலேயே இருக்கிற கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள் "அது மலையாளத்தாருடைய கோயில் சடங்கு" என்று இருந்துவிட்டோம். ஐம்பத்தெட்டு வயது வரை நானும் அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கும் மூன்று மணிக்கு மேல் தூங்கிவிட்டேன், மறைப்பானேன்.

ஒரு வேண்டுகோள். காவுகளில் கூத்து தொடங்கும் மாதங்களில், எந்த ராத்திரி எங்கே என்ன கதை என்று உங்கள் பாலக்காடு பக்கத்தில் நாலு வரி போடுங்கள். இங்குள்ள தமிழாசிரியர்களும் பார்ப்பார்கள். நான் என் பங்குக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். திரும்பி வர அந்நேரத்துக்குப் பஸ் இருக்காது, பாயும் போர்வையும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வாசகர்