சிலிக்கான் உணரிகள் தாமதமாவது குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மார்பக ஊடுகதிர்ப் (எக்ஸ்ரே) படக் கருவிகளுக்கென நாங்கள் உருவாக்கிவரும், 300 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் உணரிகளை இம்மாதமே ஒப்படைப்பதாகக் கூறியிருந்தோம். அவை உங்கள் கைக்கு வர இன்னும் ஆறு வாரங்கள் ஆகும். அதற்காக வருந்துகிறோம். வெறுமனே உற்பத்திச் சிக்கல் என்று சொல்லி முடித்துக்கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை என்பதால் காரணத்தை விரிவாகவே எழுதுகிறோம்.

ஊடுகதிரின் ஒரு ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள், சிலிக்கானில் உறிஞ்சப்படும்போது, ஏறத்தாழ ஒவ்வொரு 3.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கும் ஓர் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற வெற்றிடமான ஒரு துளையும் இணையாகத் தோன்றுகின்றன. மார்பகப் படத்துக்கு உகந்த 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்று சுமார் 5,500 இணைகளைத் தரும். அந்தச் சின்னஞ்சிறு மின்னூட்டத்தைத்தான் மின்சுற்று துடிப்பு துடிப்பாக எண்ண வேண்டும். கதிரே படாத நேரத்திலும் உணரியில் ஓடும் கசிவு மின்னோட்டம் கூடிவிட்டால், இரைச்சலும் கூடி, மெய்த் துடிப்பைப் பொய்த் துடிப்பிலிருந்து பிரித்தறிவது கடினமாகிவிடும். நோயாளி ஏற்றுக்கொண்ட கதிரில் ஒரு பகுதி படத்துக்குப் பயன்படாமலே போகும். எங்களால் பொறுத்துக்கொள்ள முடியாத குறை இது.

சென்ற மாதம் ஒரு பிற்பகலில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் உள்ள எங்கள் பட்டறையின் சரக்குக் கதவு சற்று நேரம் திறந்து கிடந்தது. இருட்டுப் பெட்டிக்குள் 100 வோல்ட்டில் சோதனையில் இருந்த உணரியின் கசிவு, காலையில் சில நானோஆம்பியர் மட்டுமே இருந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து மடங்கைத் தாண்டியது. சிலிக்கானின் கசிவு ஏழெட்டு டிகிரி வெப்பம் ஏறினால் இரட்டிப்பாகும் என்பதால் முதலில் வெப்பத்தையே சந்தேகித்தோம்; வெப்பமானியோ அசையவில்லை. பெட்டிக்குள் உலர் நைட்ரஜனைச் செலுத்தியதும் அந்த எண் மெல்ல இறங்கத் தொடங்கியது. உணரியின் விளிம்பில், கசிவைத் தடுக்கச் சுற்றிலும் அமைந்த காப்பு வளையங்களின் மேற்பரப்பில் படிந்த ஈரமே காரணம் என்று அப்போதுதான் விளங்கியது.

காலை வேளையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது சிங்கப்பூரில் வாடிக்கை. எனவே எங்கள் அறையை மட்டும் உலர்வாக வைத்துக்கொண்டு தப்பிக்க முடியாது. உங்கள் அறையிலும் உணரி நிலையாக இயங்க வேண்டும். விளிம்பின் காப்புப் பூச்சை மாற்றியமைத்து, ஒவ்வோர் உணரியையும் ஈரப்பதம் மிகுந்த பெட்டியில் இரண்டு நாள் மின்னழுத்தத்துடன் வைத்துச் சோதித்த பிறகே அனுப்பவிருக்கிறோம். ஆறு வாரங்கள் அதற்குத்தான்.

இதே உணரியை சிடி ஸ்கேன் ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே எங்கள் பதில். அதில் பயன்படும் கதிரின் ஆற்றல் அதிகம்; 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இந்தத் தடிமன், நூறு ஃபோட்டான்களில் இரண்டு போலத்தான் தடுத்துப் பிடிக்கும். அங்கே காட்மியம் டெல்லுரைடு போன்ற கனமான பொருள் வேண்டும், அல்லது சிலிக்கானை விளிம்பு வழியே கதிர் நுழையுமாறு நிறுத்திச் சில சென்டிமீட்டர் ஆழம் தர வேண்டும்.

முந்தைய தொகுதி உணரிகளை வைத்திருப்போர், குளிர்ந்த உணரியை அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையிலிருந்து எடுக்க வேண்டாம். எடுத்தால் அதன்மீது பனித்துளி கோக்கும். கசிவு கூடியிருப்பதாகத் தோன்றினால் உறையோடு எங்களுக்குத் திருப்பி அனுப்புங்கள். கட்டணமின்றிச் சோதித்து, குறை இருந்தால் மாற்றித் தருவோம்.

இப்படிக்கு,
பட்டறைக் குழுவினர்