விழுகிற பக்கமே திருப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். இந்த வாரம் அப்பாயி படுத்திருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்தோம். அவளுடைய தகரப் பெட்டியையும் திறந்தேன். அதில் கிடைத்த ஒன்றை உனக்குப் பார்சலில் அனுப்புகிறேன். அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. “யோசனையே வர மாட்டேங்குதுப்பா, மண்டைக்குள்ள வறண்டு கெடக்கு” என்றாய். வயதானவர்கள் சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போகிற வண்டியை மூன்று தடவை வரைந்து கொடுத்தாயாம். மேலாளர் மூன்று தடவையும் “அழகா இருக்கு, ஆனா இது யாருக்குன்னு தெரியல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நான் அந்த நேரத்தில் “சாப்பிட்டியா, தூங்கு, சரியாயிரும்” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது ஒரு பதிலே இல்லை. ராத்திரி முழுக்க அதுதான் உறுத்தியது. இன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, கல்லாப்பெட்டி மேலேயே வைத்து இதை எழுதுகிறேன்.

எனக்கு டிசைன் தெரியாது. சைக்கிள் தெரியும். அதில் கண்டதைச் சொல்கிறேன்.

1992 பற்றி உனக்குக் கொஞ்சம் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன், முழுசாகச் சொன்னதில்லை. அதற்கு முந்தின வருஷம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மா அப்போது கலெக்டர். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அந்த இயக்கத்தில் முடிவெடுத்தார்கள். 1992 மார்ச் 8-ஆம் தேதி மகளிர் தினத்துக்கு, ஹேண்டில்பாரில் கொடி கட்டிக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் புதுக்கோட்டை ஊருக்குள் மணியடித்துக்கொண்டு வந்தார்கள். நான் பம்பையும் பஞ்சர் பெட்டியையும் கேரியரில் கட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அன்றைக்கு ரோட்டோரம் நின்ற ஆம்பளைகள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு அப்போது 22 வயது. கீரனூரில் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கையில் ஏழு வாடகை சைக்கிள் இருந்தது.

சாயந்தரமானால் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், பாலவாடி டீச்சர்கள், கல் பட்டை தீட்டுகிற பெண்கள், கிராமத்து நர்ஸ் என்று எல்லாரும். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு, அதனால் நடுவில் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் பாதிப் பேர் கற்றார்கள். அப்புறம் அதுவே வேண்டும் என்று கேட்டார்கள், ஏனென்றால் அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டே பின்னால் ஓடுவேன். முதல் ஒரு வாரம் எனக்கே வழி தெரியவில்லை. வண்டி இடது பக்கம் சாய்ந்தால் பயத்தில் எல்லாரும் ஹேண்டில்பாரை வலது பக்கம் வெடுக்கென்று இழுப்பார்கள். உடனே இடது பக்கமே பொத்தென்று விழுவார்கள். நானும் “பயப்படாதீங்க, பயப்படாதீங்க” என்று கத்துவேன். அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ ஒரு குவாரி அக்கா வந்தார். அதற்கு முன் சைக்கிளைத் தொட்டதே இல்லை. ஒரு மணி நேரத்தில் தனியாக ஒரு சுற்று வந்துவிட்டார். எனக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே ஓடி அவருடைய கையை மட்டும் பார்த்தேன். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரைக் கொஞ்சமாகத் திருப்பினார். வண்டி தானாக நிமிர்ந்தது.

“யாருக்கா சொல்லிக் குடுத்தா?”

“இதுக்கு யாரு தம்பி சொல்லணும்? தலையில கல்லுக்கூடை ஒரு பக்கமா சாயுறப்ப, சாயுற பக்கந்தானே ஒரு எட்டு வைப்போம். எதுத்த பக்கம் வச்சா கூடை கீழதான் கெடக்கும்.”

அன்றிலிருந்து நான் யாரிடமும் பயப்படாதே என்று சொல்வதில்லை. “விழுற பக்கமே திருப்புங்க” என்று மட்டும் சொன்னேன். தலைச்சுமை தூக்கிப் பழகிய பெண்களுக்கு அது சட்டென்று புரிந்தது. மாவட்டம் முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் கற்றுக்கொண்டார்கள் என்று பின்னால் பத்திரிகையில் எழுதினார்கள்.

போன வருஷம் நீ ஒன்று சொன்னாய், நினைவிருக்கிறதா? நெதர்லாந்தில் நீ குடியிருக்கிற டெல்ஃப்ட் ஊர்ப் பல்கலைக்கழகத்து ஆட்களும் அமெரிக்காவில் கார்னெல் ஆட்களும் சேர்ந்து, ஆளே இல்லாமல் ஓடுகிற ஒரு சைக்கிளைச் செய்து பார்த்தார்கள், 2011-இல் அதைப் பெரிய அறிவியல் இதழில் போட்டார்கள் என்று. சுழல்கிற சக்கரத்தின் வேகம்தான் சைக்கிளை விழாமல் பிடிக்கிறது என்று ரொம்ப காலம் நம்பியிருந்தார்களாம். அந்த வேகத்தின் பிடிப்பை இல்லாமல் செய்து பார்த்தும் சைக்கிள் விழவில்லை. விழப்போகிற பக்கமே அது தானாகத் திரும்பிக்கொண்டது என்றாய். நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு அந்த அக்காவின் கைதான் கண்முன் வந்தது. விஞ்ஞானிகள் கணக்குப் போட்டுப் பிடித்ததை அவர் கல்லுக்கூடையிலிருந்து எடுத்து வந்திருந்தார். அவருக்கு அது யோசனை என்றே தெரியாது.

நான் சொல்ல வருவது இதுதான், தாயி. மண்டைக்குள் யோசனை ஊறும் என்று நீ அதைத் திரும்பத் திரும்ப இறைத்துப் பார்க்கிறாய். எனக்குத் தெரிந்து அது ஒரு வேலையில் கையும் காலும் முதுகும் கற்றதை இன்னொரு வேலைக்குக் கொண்டுபோகும்போது வருகிறது. நம் வீட்டிலேயே அது நடந்தது.

உன் அப்பாயி 45 வயதுக்கு மேல்தான் சைக்கிள் கற்றாள். சொந்த மகன் சொல்லிக் கொடுத்தால் திட்டுவான் என்று அந்த அக்காவிடம் கற்றாள். அப்போது தண்ணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். சைக்கிள் வந்த பிறகு கேரியரில் குடத்தை வைத்துக் கட்டிக் கொண்டுவரலாம் என்று நான்தான் சொன்னேன். பழைய டியூப்பை நீளமாக வாராக வெட்டி இறுக்கிக் கட்டினேன். பாதி வழியில் குடம் சறுக்கி விழுந்து உடைந்தது. சரி, பட்டறையில் சொல்லி இரும்பு வளையம் ஒன்று அடித்துக் கேரியரில் வெல்டிங் வைத்துவிடலாம் என்று இரண்டு நாள் காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு திரிந்தேன். எத்தனை அங்குலம், என்ன கம்பி, எவ்வளவு செலவு என்று எல்லாம் எழுதி வைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் புதுக் குடத்தைக் கேரியர் மேல் வைத்தாள். அடியில் கையை விட்டாள். குடத்தின் அடி உருண்டை, கேரியர் தட்டை. இரண்டுக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளியைத் தடவிப் பார்த்தாள். உள்ளே போய்ச் சும்மாட்டை எடுத்து வந்தாள். தலையில் வைப்பதற்குப் பழைய புடவையைக் கயிறாக முறுக்கி வளையமாகச் சுற்றியிருப்பாளே, அதேதான். அதைக் கேரியர் மேல் வைத்து, அதன் மேல் குடத்தை இறக்கி, ஒரு திருகு திருகி அமுக்கினாள். குடம் உட்கார்ந்துவிட்டது. டியூப் வாரைக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி சீட் கம்பியில் கட்டினாள். அவ்வளவுதான். மேட்டிலும் பள்ளத்திலும் சொட்டுத் தண்ணி சிந்தாமல் வீடு வந்தது. அதற்கப்புறம் ஊருக்கு பைப் வரும்வரை அப்படித்தான் கொண்டுவந்தாள்.

முப்பது வருஷமாக அவள் தலைக்குத் தெரிந்திருந்ததை அவள் கேரியருக்குச் சொன்னாள். நான் குடம் தூக்கியவன் இல்லை, அதனால்தான் இரும்பு வளையம் வரை போனேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது என் தப்பு. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம். ஒரு பாலவாடி டீச்சர் சாயந்தரம் பஞ்சர் ஒட்ட வந்தார். கூடவே சின்னப் பிள்ளை. டியூப்பைத் தண்ணியில் அமுக்கினேன், ஒரே இடத்தில் குமிழி வந்தது, ஓட்டையைக் கண்டுபிடித்து, தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, ஒட்டுப் போட்டேன். எல்லாம் சரியாகச் செய்தேன், ஒன்றைத் தவிர. டயருக்குள் கை விட்டுப் பார்க்கவில்லை. அவசரம், கடையில் இன்னும் நாலு வண்டி நின்றது. டயரை வெளியிலிருந்து ஒரு சுற்றுப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, மாட்டிக் கொடுத்துவிட்டேன். நம்ம ஊர் சீமைக்கருவேல முள் உனக்குத் தெரியும். வெளியே மட்டமாக முறிந்துவிடும், நுனி உள்ளே நிற்கும். அவர் ஊருக்குப் போகும் வழியில் காத்து மறுபடி இறங்கிவிட்டது. இருட்டில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்.

மறுநாள் காலையில் வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. டயரைக் கழற்றச் சொன்னார். என் ஆள்காட்டி விரலைப் பிடித்து டயரின் உள்பக்கத்தில் வைத்து, மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் சுரீர் என்று குத்தியது. விரல் நுனியில் ஒரு பொட்டு ரத்தம். “இது நேத்தே ஒங்களுக்குக் குத்தியிருக்கணும்ல தம்பி” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இன்றுவரை எந்த டயரையும் உள்ளே விரல் ஓட்டாமல் மாட்டியதில்லை.

உன் மேலாளர் “யாருக்குன்னு தெரியல” என்று சொன்னதும் உள்ளே நிற்கிற முள்தான் என்று எனக்குப் படுகிறது. வெளியே தெரியாது. நீ மறுபடி மறுபடி ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறாய்.

அறிவொளித் தொண்டர் ஒருவர் அந்தக் காலத்தில் ஒரு கதை சொன்னார். டயரில் டன்லப் என்று பெயர் பார்த்திருப்பாயே. அவர் பெல்ஃபாஸ்ட் ஊரில் ஒரு மாட்டு வைத்தியர். கல் பாவிய தெருவில் தன் மகன் மூன்று சக்கர சைக்கிளில் உடம்பெல்லாம் குலுங்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். மெல்லிய ரப்பரை ஒட்டிக் குழாயாக்கி, காத்தடைத்து, ஒரு மரச்சக்கரத்தைச் சுற்றித் துணியால் இறுக்கினார். பையனுடைய பழைய சக்கரத்தையும் இதையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழையது நடுவிலேயே நின்றுவிட்டது. காத்துச் சக்கரம் எதிரே இருந்த கேட்டுத் தூணில் போய் மோதித் திரும்பியது. 1887-இல் நடந்தது, அடுத்த வருஷம் பேட்டன்ட் வாங்கினார். அவருக்கு நாற்பது வருஷம் முன்னாலேயே தாம்சன் என்று இன்னொருவர் காத்துச் சக்கரத்துக்குப் பேட்டன்ட் எடுத்திருக்கிறார், அது யாருக்கும் நினைவில்லாமல் போய்விட்டது. அப்போது சைக்கிள் பெருகியிருக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு அந்தக் குலுங்குகிற பையன்தான் பெரிதாகத் தெரிகிறான். நான் பத்தாவது தாண்டாதவன், ஆனால் மகன் குலுங்குவதை நின்று பார்க்கிற தகப்பனை எனக்குப் புரிகிறது.

அதனால் ஒன்று செய். உன் ஊரில் வியாழக்கிழமை பெரிய சதுக்கத்தில் சந்தை கூடும் என்று சொல்லியிருக்கிறாய், அங்கேயும் கல் பாவிய தரைதானே. உன் கீழ்வீட்டுப் பாட்டியைக் கேட்டு, அவர் சம்மதித்தால் ஒரு வியாழன் லீவு போட்டுக் கூடவே போ. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகாதே, போட்டோவும் எடுக்காதே. அவர் பையை நீ தூக்கு. உருளைக்கிழங்கு இரண்டு கிலோ வாங்கினால் எந்தத் தோள் இறங்குகிறது, நடைபாதை விளிம்பில் ஏறும்போது அவர் எதைப் பிடித்துக்கொள்கிறார், காசு எடுக்கும்போது பையை எங்கே வைக்கிறார், குளிரில் கையுறையோடு அவரால் எதைத் திறக்க முடியவில்லை. உன் கை வலிக்கிற வரைக்கும் தூக்கு. அடுத்த வாரமும் போ. வரைவது அதற்கப்புறம் இருக்கட்டும்.

பார்சலில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, அம்மா பின்னிய குல்லா இருக்கும். அதோடு ஒரு பழைய துணிச் சுருள் இருக்கும். ஊதா நிறம் போய் சாம்பலாகிவிட்டது. குடத்தின் அடி அழுந்திய வட்டம் இன்னும் தெரிகிறது. பிரிக்காதே. அவள் முறுக்கிய முறுக்கு அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் உன் செகண்ட் ஹேண்ட் சைக்கிளின் பின் சக்கரம் ஒரு பக்கம் உரசுகிறது என்றாயே. கடைக்குக் கொண்டு போக வேண்டாம், நீயே எடுத்துவிடலாம். வண்டியைக் கவிழ்த்து வை. சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடி. எங்கே கோடு விழுகிறதோ அங்கேதான் பெண்டு. ரிம் இடது பக்கம் போயிருந்தால், அந்த இடத்தில் வலது பக்கத்திலிருந்து வருகிற ஸ்போக்ஸ் கம்பியை இறுக்கு, இடது பக்கத்துக் கம்பியைத் தளர்த்து. நம்ம ஊர் வண்டிக்குப் பின்னால் நாற்பது கம்பி, உன் ஊர் வண்டிக்கு எத்தனை என்று எண்ணிப் பார். எதையும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதே. ஒவ்வொரு தடவையும் சுழலவிட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடு. கம்பிகளை விரலால் சுண்டிப் பார், தளர்ந்தது மட்டும் டொக்கென்று சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எந்தப் பக்கம் கோடு விழுந்தது என்று சொல்.

அன்புடன்,
அப்பா