கிளிப் போட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கு

வணக்கம்.

எங்கள் கிளினிக்கைப் பற்றிய அந்தக் குரல் பதிவு உங்களுக்கும் வந்திருக்கும். எங்களுக்கு நான்கு பேர் வழியாக வந்தது. "பொம்பளப் புள்ளைன்னா இப்படித்தான் அழும், பசங்க தாங்கிப்பாங்க" என்று நாங்கள் சொன்னோமாம்.

அன்று எங்களிடம் வந்து வலியில் அழுத ஒரு பெண் பிள்ளையைப் பற்றிய பேச்சு அது. பதிவு போட்டது அவளுடைய அம்மா இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ. அம்மா கேட்டது இதுதான்: "அண்ணனுக்கும் இதே கம்பிதானே, அவன் சத்தமே போடலையே?" பெண் பிள்ளைகள் கூடுதலாக வலி சொல்வதாகச் சில ஆய்வுகளில் வந்திருக்கிறது, வேறு சிலவற்றில் வித்தியாசமே இல்லை என்றோம். முதல் பாதிதான் ஊர் சுற்றுகிறது.

"வலி சொல்வது" என்றுதான் சொன்னோம், "வலிப்பது" என்றல்ல. வலியை அளக்கக் கருவி கிடையாது. ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு கோட்டைக் காட்டி, எவ்வளவு வலிக்கிறதோ அங்கே புள்ளி வை என்பார்கள். அந்தப் புள்ளியில் பயமும் கலந்திருக்கும், வளர்ப்பும் கலந்திருக்கும். ஆம்பளை அழலாமா என்று கேட்டே வளர்த்த பையன் புள்ளியைக் கீழே தள்ளித்தான் வைப்பான். அதற்காக அவனுக்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடுமா?

அப்புறம் வயது. அண்ணனுக்குப் போட்டது 11 வயதில், இவளுக்கு 15. பதின்வயதின் நடுவில் இருப்பவர்கள் சிறியவர்களைவிட அதிகம் வலி சொல்வதாகச் சில ஆய்வுகள் உண்டு. எல்லா ஆய்வும் ஒத்துப்போவதில்லை. இதையும் அன்றே சொன்னோம். பதிவில் இல்லை. சரி, வலியில் இருக்கும் பிள்ளை முன்னால் ஆய்வு பேசியது எங்கள் தப்புதான். மன்னியுங்கள்.

கம்பியை முடுக்கியதும் பல்லைச் சுற்றியுள்ள சவ்வு அழுந்தி அழற்சி வருகிறது. சில மணி நேரத்தில் வலி ஆரம்பித்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மறுநாள் போன் செய்து விசாரிக்கும் எங்கள் உதவியாளர் வேலையை விட்டுவிட்டதால் அந்த அழைப்பு இப்போதைக்கு இல்லை.

பதிவைக் கேட்டும் சந்தேகப்படாமல், "என்ன நடந்தது டாக்டர்?" என்று நேரில் வந்து கேட்டவர்களை மறக்கமாட்டோம். மூத்த பிள்ளைக்குப் பிறகு இளைய பிள்ளையையும் நம்பிக் கூட்டிவரும் உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

ஒரு வாரம் தாண்டியும் வலித்தாலோ, கம்பி கன்னத்தைக் குத்தினாலோ முன்பதிவு வேண்டாம், நேராக வாருங்கள். வலி மாத்திரை கொடுக்குமுன் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பல் சீரமைப்பு கிளினிக்