அன்றன்றைக்கு வேண்டிய வசனம்

கர்த்தருக்குள் பிரியமான அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பாகப்பிரிவினைப் பேச்சு மறுபடியும் தொடங்கியதையும், பெரியப்பா கோபித்துக்கொண்டு குடும்ப ஜெபத்துக்கு வராமலிருப்பதையும் எழுதிவிட்டு, கடைசி வரியில் “அங்கே வேதம் வாசிக்கிறாயா?” என்று கேட்டிருந்தீர்கள். அதற்கே முதலில் பதில் எழுதுகிறேன்.

வாசிக்கிறேன், அம்மா. இங்கே கடுங்குளிர், வேலைக்குப் புறப்படும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. அப்பா பழக்கியபடியே, தேதிக்கு ஓர் அதிகாரமாக நீதிமொழிகளை வாசித்து ஜெபித்த பிறகுதான் வாசற்கதவைத் திறக்கிறேன். 31 அதிகாரங்களும் மாதந்தோறும் திரும்பத் திரும்ப வந்தாலும், அந்தந்த மாதத்துக் கவலைக்கு ஏற்றபடி வேறொரு வசனமே கண்ணில் படுகிறது.

அடுத்த வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். யாரோடும் பேசமாட்டார், வணக்கம் சொன்னாலும் தலையை மட்டும் அசைப்பார். போன மாதம் நான் காய்ச்சலில் கிடந்தபோது, வாசலில் யாரோ சுரண்டும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்தான், என் படிகளில் உறைந்திருந்த பனியை மண்வெட்டியால் பெயர்த்து ஓரமாகக் குவித்து, வழுக்காமலிருக்க ஒவ்வொரு படியிலும் உப்பைத் தூவிவிட்டு, கதவைத் தட்டாமலே போய்விட்டார். அன்று 27ஆம் தேதி. “தூரத்திலுள்ள சகோதரனிலும் சமீபத்திலுள்ள அயலானே வாசி”, அதாவது அயலானே மேல், என்ற வசனம் அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. காய்ச்சல் முற்றிலும் நீங்கிவிட்டது, கவலைப்படாதீர்கள்.

வேலை நேரத்தைச் சற்றுக் குறைத்திருக்கிறார்கள். ஆகையால் இம்மாதம் வழக்கமான தொகையில் ஒரு பகுதியை மட்டும் அனுப்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை, வாசிக்க நேரம் கூடியிருக்கிறது. யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் கொடுத்த அப்பமாகிய மன்னாவை அன்றன்றைக்கு வேண்டிய அளவே சேர்க்கும்படி சொல்லப்பட்டது. அதை மீறி விடியற்காலம்வரைக்கும் வைத்தது புழுத்து நாறிப்போயிற்று. ஆண்டவருடைய வழிநடத்துதலும் அப்படித்தான் கிடைக்கிறது என்று நான் நம்புகிறேன். வருஷம் முழுவதற்குமான பதில் ஒரே நாளில் வருவதில்லை. இன்றைக்கு யாரிடம் எப்படிப் பேசவேண்டும், எந்தக் கோபத்தை விடவேண்டும் என்பது மட்டும் தெளிவாகிறது. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளும் சித்தியின் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. முன்னும் பின்னும் சேர்த்து வாசிக்காத வசனத்துக்கு நாமே நம் விருப்பத்தைப் பொருளாக்கிவிடுவோம்.

ஞாயிறு மாலைகளில் பவுலின் நிருபங்களை வாசிக்கிறேன். தீமோத்தேயுவுக்குச் சிறையிலிருந்து எழுதிய இரண்டாம் நிருபத்தின் முடிவில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புஸ்தகங்களையும் எடுத்துக்கொண்டு மாரிகாலத்துக்குமுன் வந்துவிடும்படி கேட்கிறார். அவ்வளவு பெரிய அப்போஸ்தலனுக்கும் குளிருக்கு மேலங்கி வேண்டியிருந்தது, பக்கத்தில் மனிதர் வேண்டியிருந்தது. அதே நிருபத்தின் தொடக்கத்தில் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். அந்த இடத்துக்கு வந்தால் மேலே வாசிக்க முடிவதில்லை, அம்மா. ஆச்சி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எழுத்துக்கூட்டி வாசிப்பதும், அவர் தடுமாறும் இடத்தில் நீங்கள் மெதுவாக எடுத்துக்கொடுப்பதும் அப்படியே கண்முன் வந்துவிடுகின்றன. உங்கள் குரலைக் கேட்கவேண்டும் போலிருக்கிறது. 121ஆம் சங்கீதத்தை நீங்கள் வாசிக்க, தம்பியைப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள்.

இனி நிலத்தைப் பற்றி. ஆபிராமின் மேய்ப்பருக்கும் அவர் சகோதரன் மகன் லோத்துவின் மேய்ப்பருக்கும் வாக்குவாதம் உண்டானபோது, பெரியவராயிருந்தும் ஆபிராம், லோத்துவே தனக்கு வேண்டிய நிலத்தை முதலில் தெரிந்தெடுக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். இளையவர்களான நாம் விட்டுக்கொடுப்பதில் குறைவொன்றுமில்லை. கிணற்றை ஒட்டிய பங்கைப் பெரியப்பாவே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் நம் பங்குக்கு வரும் தண்ணீர்ப் பாத்தியதையும் பாதையும் பத்திரத்தில் தெளிவாக எழுதப்படவேண்டும். தங்கையின் பெயரும் விடுபடக்கூடாது; யோபு தன் குமாரத்திகளுக்கும் அவர்கள் சகோதரரின் நடுவிலே சுதந்தரம் கொடுத்தான் என்பதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவன் ஆள்விட்டுச் சொல்லாமல், தானே நேரில் போய்ப் பெரியப்பாவை ஜெபத்துக்கு அழைக்கட்டும். நிலத்தை அளந்து கல் நட்ட பிறகு, பத்திரத்தின் நகலை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் பார்த்து எழுதும்வரை நீங்கள் கையெழுத்துப் போடவேண்டாம்.

உங்கள் அன்பு மகன்