அந்த ஒப்புதல் சீட்டை எடுத்துவிடுங்கள்

ஜப்பானிய மருத்துவக் காப்பீட்டு விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒசாகாவில் குடியிருந்து, மாதம் தவறாமல் காப்பீட்டுக் கட்டணம் செலுத்திவரும் தமிழ்ப் பெண் எழுதுகிறேன். ஜப்பானிய மொழியில் எழுதிய மனுவை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். பதில் வராததால், என் ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன்.

விதி உங்களுடையது, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; என் ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். அக்குபங்சர் என்ற, மெல்லிய ஊசிகளை உடலில் குத்திச் செய்யும் ஊசி வைத்தியத்துக்குக் காப்பீடு தரும் ஆறு நோய்களில் ஒன்று, 'ஐம்பது வயதுத் தோள்' என்று இங்கே சொல்லும் தோள் இறுக்கம். எனக்கு வந்திருப்பது அதுதான். வலது கை தலைவரை எழும்பவில்லை. ஏழு மாதமாக எனக்குத் தலை பின்னிவிடுவது என் மகள்.

காப்பீட்டில் ஊசி போட்டுக்கொள்ள மருத்துவரின் ஒப்புதல் சீட்டு வேண்டும் என்றீர்கள். போனேன். முதல் எலும்பு மருத்துவர், "ஊசியைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரியாததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது?" என்றார். நியாயமான மனிதர். இரண்டாமவர் சீட்டுத் தரவில்லை, வலிக்கு ஒட்டும் பிளாஸ்திரி தந்தார். மூன்றாமவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதே தோளுக்கு அந்த மாதம் பிளாஸ்திரி வாங்கியிருந்ததால் காப்பீட்டுப் பணம் மறுக்கப்பட்டது. மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் காப்பீட்டில் ஊசி கூடாது. மருத்துவரின் மருந்தோடும் ஊசி கூடாது. இதை யோசித்து எழுதியவரை ஒருமுறை நேரில் பார்த்துக் கும்பிட ஆசை.

எனக்கு ஊசி போடுபவர் பார்வையற்றவர். மூன்றாண்டு படித்து, அரசுத் தேர்வில் தேறி, உரிமம் பெற்றவர். எந்தத் தசை இறுகியிருக்கிறது என்பதை விரல் நுனியால் தொட்டுச் சொல்கிறார். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் படித்த படிப்பே போதும் என்று விடுங்கள். அந்தச் சீட்டை எடுத்துவிடுங்கள்.

இந்தச் சீட்டின் வயது உங்களுக்குத் தெரியும். 1874ஆம் ஆண்டின் மருத்துவ விதித் தொகுப்பில் 53ஆம் பிரிவு: மருத்துவரின் உத்தரவில்லாமல் ஊசியும், மூலிகையைத் தோல்மேல் எரித்துச் சூடு தரும் வைத்தியமும் செய்யக்கூடாது. அப்போது அரசு ஜெர்மன் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. அடுத்து, மேற்கத்தியப் பாடங்களில் தேறினால்தான் மருத்துவர் என்றார்கள். கம்போ என்ற ஜப்பானின் பழைய மூலிகை மருத்துவத்தைச் செய்த வைத்தியர்கள் உரிமம் கேட்டுக் கொண்டுவந்த மசோதா 1895இல் நாடாளுமன்றத்தில் தோற்றது. 1947இல் அமெரிக்க ஆக்கிரமிப்புத் தலைமையகம் ஊசி வைத்தியத்தையே நிறுத்தப் பார்த்தபோது, பார்வையற்ற வைத்தியர்கள் போராடித்தான் தொழிலைக் காப்பாற்றினார்கள்.

புதிய மருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1849இல் நாகசாகி வழியாக வந்த அம்மைப்பால் எத்தனை குழந்தைகளைக் காப்பாற்றியது! ஆனால் மேலே இருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருக்கிறதே, அதற்கும் விலை உண்டு. பெரிபெரி என்ற வைட்டமின் பி1 குறைபாட்டு நோய்க்குச் சிவப்புக் காராமணியும் பார்லியும் கொடுத்த பழைய வைத்தியர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். ராணுவ மருத்துவத் தலைமையோ கிருமியைத் தேடிக்கொண்டு, அந்தச் சத்து நீங்கிய வெள்ளைச் சோற்றை விடாமல் போட்டது. 1904-05இல் நடந்த ரஷ்யப் போரில் பெரிபெரியால் இறந்த சிப்பாய்கள் ஏறக்குறைய 27,000 பேர்.

ஒசாகாவுக்குத் தெற்கே வாகயாமாவில் 1804இல் ஹனவோகா செய்ஷூ, ஊமத்தை சேர்ந்த கஷாயத்தால் மயக்கி, ஒரு பெண்ணின் மார்புப் புற்றுக் கட்டியை அறுத்தெடுத்தார். மருந்து கம்போ வழி, கத்தி டச்சு வழி. பாஸ்டனில் ஈதர் மயக்கம் காட்டப்பட்டது அதற்கு 42 ஆண்டுகள் கழித்து. ஹனவோகா யாரிடமும் சீட்டு வாங்கியதாகத் தெரியவில்லை.

இன்று கம்போ மருந்து 148 வகைக்குக் காப்பீடு உண்டு. எந்த மருத்துவரும் எழுதித் தரலாம். பழைய மருந்தை மதிக்கிறீர்கள், சரி. பழைய கைகளை மட்டும் ஏன் நம்ப மறுக்கிறீர்கள்?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. தயவுசெய்து அந்த ஆறு நோய்களுக்காவது உரிமம் பெற்ற வைத்தியரின் முடிவையே ஏற்றுக்கொள்ளுங்கள். அது முடியாதென்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் விதியையாவது தளர்த்துங்கள். என் சீட்டு அடுத்த மாதம் காலாவதியாகிறது. கையெழுத்துப் போட்ட அந்த மூன்றாவது மருத்துவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

இப்படிக்கு,
ஒசாகாவிலிருந்து ஒரு காப்பீட்டுதாரர்