பேட்ஜரும் போசமும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

மாட்டுக் காசநோயைக் கட்டுப்படுத்த, அந்நோயைச் சுமக்கும் பேட்ஜர் என்ற வளைவாழ் காட்டு விலங்கைக் கொன்று குறைக்க இங்கிலாந்தில் 2013-ல் தொடங்கிய வேட்டையை முடித்துக்கொள்ளப் போவதாக அந்நாட்டு அரசு 2024-ல் அறிவித்தது. 'நியூசிலாந்தில் போசம் என்ற பைம்மா விலங்கைக் கொன்றுதானே நோயை அடக்கினார்கள்?' என்று வேட்டையை ஆதரிப்பவர்கள் கேட்கிறார்கள். அந்த ஒப்பீடு தவறு.

போசம் நியூசிலாந்துக்கு வந்தேறி. ரோமத்துக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். நோய் முற்றிய போசம் பட்டப்பகலில் மேய்ச்சல் நிலத்தில் தள்ளாடித் திரியும். மாடுகள் அதைச் சூழ்ந்துகொண்டு முகரும், நக்கும், அங்கேதான் தொற்றிக்கொள்கிறது. எனவே நூறு பொறிகளை ஓரிரவு வைத்தால் இரண்டு போசத்துக்கு மேல் சிக்கக் கூடாது என்ற அளவுக்குக் குறைத்து, அதை ஆண்டுக்கணக்கில் காத்தார்கள். விஷ இரையைத் தூவும் முன் விஷமில்லாத இரையைத் தூவி ருசி காட்டுவார்கள். இல்லாவிட்டால் அரைகுறையாகக் கடித்துப் பிழைத்த போசம் மறுபடி இரையைத் தொடாது. கூடவே மாடுகளுக்குப் பரிசோதனை, இடமாற்றக் கட்டுப்பாடு. 1990-களின் நடுவில் சுமார் 1,700 ஆக இருந்த நோய்கண்ட மந்தைகள் சில பத்துகளாகக் குறைந்தது இப்படித்தான்.

பேட்ஜர் இங்கிலாந்தின் சொந்த விலங்கு. கூட்டமாக வளையில் வாழ்ந்து, எச்சக்குழிகளால் எல்லை வகுத்துக்கொள்ளும். பாதியைக் கொன்றால் எல்லை கலைந்து, மிஞ்சியவை தூரதூரம் அலைகின்றன. நோயும் கூடவே போகிறது. 1998 முதல் 2005 வரை நடந்த பெரிய கள ஆய்வில் சுமார் 11,000 பேட்ஜர்கள் கொல்லப்பட்டன. கொன்ற பரப்புக்குள் மாட்டு நோய் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. எல்லைக்கு வெளியே இரண்டு கிலோமீட்டர் வரை அதே அளவு கூடியது. நோய் வந்த பண்ணையைச் சுற்றி மட்டும் கொன்ற இடங்களில் நிலைமை மோசமானதால் ஆய்வின் அந்தப் பகுதியை மட்டும் 2003-லேயே நிறுத்தினார்கள்.

மாட்டுப் பரிசோதனையிலும் ஓட்டை உண்டு. கழுத்தில் இரண்டு இடத்தில் முடி கத்தரித்து, தோல் மடிப்பை அளந்து, மேலே பறவை டியூபர்குலினும் கீழே மாட்டு டியூபர்குலினும் (பறவை, மாட்டுக் காசநோய்க் கிருமிகளிலிருந்து எடுக்கும் புரதச் சாறு) போட்டு, 72 மணி நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். மருந்து தோலுக்குள் நிற்காமல் அடியில் இறங்கிவிட்டால் முடிவை நம்ப முடியாது. சரியாகப் போட்டாலும் நோயுள்ள மாடுகளில் ஐந்தில் ஒன்றாவது தப்பும். அந்த மாடு கைமாறினால், பேட்ஜரே இல்லாத ஊருக்கும் நோய் போய்ச் சேரும்.

பேட்ஜருக்கான பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசிக்கு 2010-ல் உரிமம் கிடைத்தது. கூண்டைத் திறந்தபடியே வைத்து வேர்க்கடலை போட்டு ஒரு வாரம் பழக்கி, பிறகு பொறியை ஏற்றி இரண்டு இரவு பிடிப்பார்கள். விடியற்காலையில் ஊசி போட்டு, அடையாளத்துக்கு முடியைக் கத்தரித்து, அதே இடத்தில் விட்டுவிடுவார்கள். ஏற்கெனவே நோய் கண்டதை ஊசி குணப்படுத்தாது. ஆண்டுதோறும் புதுக்குட்டிகள் வேறு. ஆகவே ஒரு தடவை போட்டுவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது, பல ஆண்டுகள் தொடர வேண்டும். கூட்டம் கலையாமல் இருப்பதே இதன் பெரிய லாபம். வேட்டை நிற்கும் ஊர்களில் மறு ஆண்டே ஊசிக் குழுக்கள் இறங்க வேண்டும்.

– கால்நடை மருத்துவர், நாமக்கல்