கேரவன் கட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்: வண்டியோடு அதன் வரைபடத்தையும் கொடுங்கள்

தென்னிந்தியாவில் கேரவன் (படுக்கை, சமையல் வசதியோடு தங்கிப் பயணிக்கும் வண்டி) கட்டி விற்கும் நிறுவனத்தார், பாடி கட்டும் பட்டறை உரிமையாளர்கள், விற்பனை முகவர்கள் ஆகிய அனைவருக்கும்,

வணக்கம்.

கேரள அரசு 2021ஆம் ஆண்டு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, அடுத்த ஆண்டு தொடக்கத்திலேயே வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவும் திறக்கப்பட்ட பிறகு, கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வழியாக மலையேறி குமுளிக்கு வரும் கேரவன்கள் பெருகியிருக்கின்றன. குமுளியில் வாகன மின்வேலைப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், உங்களில் பலர் கட்டிய வண்டிகள் என் கைக்கு வந்து போகின்றன. எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லிக் குறைகூற இதை எழுதவில்லை. வண்டி விற்ற பிறகு நீங்கள் அளிக்கும் உதவியும், வண்டியோடு கொடுக்கும் ஏடுகளும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும், பிற நாட்டுத் தயாரிப்பாளர்கள் இவற்றை எப்படிச் செய்கிறார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டவே எழுதுகிறேன்.

புது வண்டி வாங்குபவருக்கு ஒரு பிளாஸ்டிக் பை கிடைக்கிறது. அதில் சேசிஸ், அதாவது எஞ்சினோடு கூடிய அடிச்சட்டம், செய்த நிறுவனத்தின் தடித்த கையேடு இருக்கும். ஏ.சி., குளிர்பதனப் பெட்டி, மைக்ரோவேவ், தண்ணீர் பம்ப், இன்வெர்ட்டர் ஆகியவற்றைச் செய்தவர்கள் அச்சிட்ட சிறு புத்தகங்களும் இருக்கும். நீங்கள் கட்டிய பாடியைப் பற்றி மட்டும் ஒற்றைத் தாளில் ஓர் உத்தரவாதச் சீட்டு இருக்கும். ஆக, வண்டியில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஏடு உண்டு; அந்தப் பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிக்கும் குழாய்க்கும் ஏடு கிடையாது. அந்த இணைப்பைத்தான் நீங்கள் செய்கிறீர்கள், பெரும்பாலான பழுதும் அங்கேதான் வருகிறது.

அடிக்கடி வரும் ஒரு பழுதையே எடுத்துக்கொள்வோம். மைக்ரோவேவை இயக்கியதும் இன்வெர்ட்டர் கூவிவிட்டு நின்றுபோகிறது என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். சிறிய மைக்ரோவேவ்கூட ஏறத்தாழ 1,200 வாட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதைக் கொடுக்க வேண்டுமானால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து 110 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே போகவும் வரவுமாக 6 மீட்டர் கம்பி இருந்து, அது 10 சதுர மில்லிமீட்டர் அளவினதாக இருந்தால், கம்பியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் இழந்துவிடும், கம்பியும் சூடேறும். 35 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் இழப்பு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. பேட்டரி நன்றாக இருந்தும் இன்வெர்ட்டர் 'வோல்டேஜ் குறைவு' என்று நின்றுவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் உள்ளே எந்த அளவுக் கம்பி போயிருக்கிறது, அது எவ்வழியாகப் போகிறது, இடையில் எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது என்பதைப் பலகையைக் கழற்றாமல் சொல்ல வழியில்லை. படுக்கைக்கு அடியில் ஆணியடித்து மூடிய பிளைவுட்டைப் பெயர்த்துப் பார்த்த பிறகே பேட்டரியின் பக்கம் ஃபியூஸே இல்லை என்று தெரியவந்த வண்டிகளும் உண்டு.

இந்த இடத்தில் உங்கள் வாடிக்கையாளர் உதவி எண்ணை அழைக்கிறோம். பேசுபவர் மரியாதையாகப் பேசுகிறார். அதில் எனக்குக் குறையில்லை. "ஃபியூஸைப் பாருங்கள்" என்கிறார். எந்த ஃபியூஸ், எங்கே இருக்கிறது என்று கேட்டால், "பட்டறையில் கேட்டுச் சொல்கிறேன்" என்கிறார். பட்டறையில் அந்த வண்டிக்கு வயரிங் செய்தவர் வேறு இடத்துக்கு வேலைக்குப் போயிருப்பார், இருந்தாலும் அவர் அதை நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும். தொலைபேசியில் இருப்பவர் கையில் படம் இல்லை, வண்டியருகே நிற்கிற எனக்கும் படம் இல்லை என்றால், எவ்வளவு கனிவாகப் பேசினாலும் இரண்டு பேரும் இருட்டில்தான் நிற்கிறோம். ஆகவே உதவி என்பதையும் ஆவணம் என்பதையும் இரு துறைகளாக நீங்கள் பார்ப்பதே தவறு என்பது என் கருத்து. ஆவணம் இல்லாத நிறுவனத்தால், விரும்பினாலும், உதவ முடியாது.

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் உள்ள வின்னபாகோ நிறுவனம், தன் வண்டிகளின் இயக்கக் கையேடுகளை மட்டுமல்லாமல் மின்கம்பி வரைபடங்களையும், தண்ணீர்க் குழாய் வரைபடங்களையும், உதிரிபாகப் பட்டியலையும் ஆண்டுவாரியாக, மாதிரிவாரியாகப் பிரித்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உரிமையாளர்தான் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு இல்லை. குமுளியில் உட்கார்ந்திருக்கும் நானும் அவற்றை இறக்கிப் படிக்கிறேன். எந்தக் கம்பிக்கு என்ன எண், எந்த கனெக்டரில் போய்ச் சேர்கிறது என்று வரைந்து காட்டும் அந்தப் படங்களைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. வரைபடத்தை வெளியிட்டால் போட்டியாளர் களவாடிவிடுவார் என்று நம்மூரில் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1958இலிருந்து தொழில் செய்துவரும் அந்த நிறுவனம் அந்த அச்சத்தில் படத்தைப் பூட்டி வைக்கவில்லை. ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் அலுமினிய வண்டிகள் கட்டும் ஏர்ஸ்ட்ரீமும் பழைய ஆண்டுகளின் கையேடுகளையும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. மூன்றாம், நான்காம் கைக்கு மாறிய வண்டியின் உரிமையாளருக்கும் அது பயன்படுகிறது.

வேறொரு வழியும் அங்கே உண்டு. அலபாமாவின் ரெட் பே என்ற சிற்றூரில் உள்ள டிஃபின் நிறுவனம் பெயர் பெற்றது ஏட்டினால் அன்று, ஆட்களால். தொழிற்சாலையை ஒட்டியே பழுதுபார்க்கும் இடமும், வண்டிகள் காத்திருந்து தங்க இடமும் இருப்பதால், கட்டிய ஊரிலேயே, கட்டும் வேலை தெரிந்தவர்களிடமே உரிமையாளர்கள் பழுதைக் காட்ட முடிகிறது. கேட்பதற்கு நம்மூர்ப் பட்டறைப் பழக்கம் போலவே இருக்கிறது. கரூரில் பாடி கட்டிய பேருந்தைக் கரூருக்கே கொண்டுபோவது நமக்குப் புதிதன்று. ஆனால் இந்த வழியில் ஊர் தொலைவாக இருப்பவர் நாள்கணக்கில் பயணம் செய்ய வேண்டும். வாடகைக்கு ஓடும் வண்டியைப் பருவகாலத்தில் அப்படி அனுப்ப முடியாது. இரண்டையும் ஒப்பிட்டால் வின்னபாகோவின் வழிதான் மலையடிவார ஊர்களுக்குப் பொருந்தும் என்பேன்.

இதனால் அயல்நாட்டார் எல்லாரும் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. பல மாதிரிகளுக்கும் பொதுவாக ஒரே கையேட்டை அச்சிட்டு, பக்கத்துக்குப் பக்கம் 'இந்த வசதி இருந்தால்' என்று எழுதித் தப்பித்துக்கொள்ளும் வழக்கம் அங்கேயும் பரவலாக உண்டு. அங்கேயும் சேசிஸுக்கு ஃபோர்டையோ மெர்சிடீஸையோ கேட்க வேண்டும். குளிர்பதனப் பெட்டிக்கும் ஹீட்டருக்கும் டொமெட்டிக், ட்ரூமா போன்றவர்களைக் கேட்க வேண்டும். பாடிக்கு மட்டும்தான் வண்டியில் பெயர் எழுதிய நிறுவனம் பொறுப்பேற்கும். பாடியின் உத்தரவாதமும் ஓராண்டு என்பதுதான் பொதுவழக்கு; ஜேகோ இரண்டாண்டும் ஏர்ஸ்ட்ரீம் மூன்றாண்டும் தருவதை அதனால்தான் அங்கே எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் எது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். நம்மிடம் அந்தப் பிரிப்பு பழுது வந்த பிறகு தொலைபேசியில் நடக்கிறது. பாடி கட்டியவர் 'சேசிஸ் கோளாறு' என்பார்; சேசிஸ்காரர் 'பாடி கட்டியவர் கம்பியை வெட்டியிருக்கிறார்' என்பார். இத்தனைக்கும் எங்கிருந்து மின்சாரம் எடுக்கலாம், எந்த இடத்தில் துளையிடக் கூடாது என்று பாடி கட்டுபவர்களுக்கென்றே வழிகாட்டி ஏடு தரும் சேசிஸ் நிறுவனங்கள் உண்டு. அந்த ஏடு உங்கள் பட்டறை அலமாரியோடு நின்றுவிடுகிறது.

பிரிட்டனில் பெய்லி, ஸ்விஃப்ட் முதலிய நிறுவனங்கள் பாடிக்குள் நீர் கசியாது என்று பல ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. அதற்கு ஈடாக, ஆண்டுதோறும் வண்டியைச் சோதித்து, சுவரின் ஈரத்தைக் கருவியால் அளந்து, சேவை ஏட்டில் பதிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கின்றன. தென்மேற்குப் பருவமழையில் மாதக்கணக்கில் நனையும் பீருமேடு, வண்டிப்பெரியாறு பக்கத்து வண்டிகளுக்கு இப்படி ஓர் ஏடு எவ்வளவு தேவை என்பதைக் கூரை ஓரத்து சீலண்ட் (கசிவை அடைக்கும் பசை) விரிசலை ஒருமுறை பார்த்தவர்கள் அறிவார்கள். ஜெர்மனியில் எரிவாயு அமைப்பை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து அதற்கெனத் தனி ஏட்டில் பதியும் முறை இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக வந்து தேக்கடி பார்க்கும் பயணிகளின் வண்டியில் அந்த ஏட்டை நானே புரட்டிப் பார்த்திருக்கிறேன். அடுத்த சோதனை எந்த மாதம் என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறது.

எரிவாயுவைப் பற்றிப் பேசும்போது, 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்ததை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) நிபுணர்களின் சோதனையில் தெரிந்தது. அந்த வண்டியில் யார் மீது பிழை என்று தீர்ப்பது என் வேலை அன்று. ஆனால் அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; தூங்குபவருக்குத் தெரியாமலே வேலையை முடித்துவிடும். அமெரிக்காவில் இவ்வகை வண்டிகளுக்கான, தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 1192 தரவிதி கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியைக் கேட்கிறது. நம் வண்டிகளில் ஜெனரேட்டரை ஓடவிட்டு உள்ளே ஏ.சி. போட்டுத் தூங்கலாமா, புகைக்குழாயின் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் சுவரோ மண்மேடோ இருந்தால் என்ன செய்வது, தரையில் கம்பி போகும் துளையை எதனால் அடைத்திருக்கிறார்கள் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது? சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும் என்பதற்காகவே கீழே காற்றுத்துளை விடுகிறோம். மூணாறு, வாகமண் குளிருக்கு அந்தத் துளையைத் துணியால் அடைத்துவிடும் விருந்தினர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அது எதற்கு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

சட்டமும் இதைக் கேட்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, தீங்கு நேராதபடி சரியாகப் பயன்படுத்துவதற்குப் போதிய அறிவுறுத்தல் இல்லாமல் பொருளை விற்பதையும் தயாரிப்பாளரின் பொறுப்பாகவே வைக்கிறது. பிறர் செய்த பாகங்களைச் சேர்த்துப் பொருத்துபவரும் அச்சட்டத்தின்படி தயாரிப்பாளரே. ஆகவே 'நாங்கள் பாடி மட்டும்தான் கட்டினோம்' என்ற பதில் வெகுதூரம் போகாது. வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம் என்று 34ஆம் பிரிவு சொல்வதால், கொச்சியில் கட்டிய வண்டிக்குத் தேனியில் வழக்குத் தொடுக்கலாம். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது. இவற்றை மிரட்டலாகச் சொல்லவில்லை. வழக்கறிஞருக்குச் செலவிடுவதைவிட வரைபடம் வரைபவருக்குச் செலவிடுவது உங்களுக்கே மலிவு.

எல்லையோர ஊர்களின் நிலைமை ஒன்றையும் நீங்கள் கருத வேண்டும். உத்தமபாளையத்துக்காரர் வாங்கி, தமிழ்நாட்டு எண்ணில் பதிந்து, கம்பத்து ஓட்டுநர் ஓட்டி, கோட்டயத்துக் குடும்பம் தங்கும் வண்டி பழுதானால், கோவைக் கிளை 'வண்டி கேரளத்தில் நிற்கிறது' என்கிறது. கொச்சிக் கிளை 'விற்றது கோவை' என்கிறது. இரு கிளைகளிலும் ஒரே பதிவு, ஒரே வரைபடம், சேசிஸ் எண்ணைச் சொன்னதும் திறக்கும்படி இருந்தால் இந்த அலைக்கழிப்பு பாதி குறையும். ஓட்டுநரும் விருந்தினரும் படிக்க வேண்டிய பக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதில் பயனில்லை. வயரிங் படம் எந்த மொழியில் இருந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும். ஜெனரேட்டர், எரிவாயு, கழிவுநீர்த் தொட்டி, தீயணைப்பான் பற்றிய எச்சரிக்கைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு, பையில் போடாமல் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள்.

நான் கேட்பது பெரிய புத்தகம் அன்று. உங்கள் பட்டறையை விட்டு வெளியேறும் ஒவ்வொரு வண்டிக்கும், அந்த மாதிரிக்குப் பொதுவானதாக அல்லாமல், அந்த வண்டியில் உண்மையில் போட்ட கம்பியின் அளவு, நிறம், எண், ஃபியூஸின் இடம், குழாய் போகும் வழி, தொட்டிகளின் கொள்ளளவு, தண்ணீரும் ஆளும் ஏறிய பிறகு ஒவ்வோர் அச்சிலும் விழும் எடை ஆகியவை வரையப்பட்டு, வரைந்தவர் கையெழுத்தோடு உரிமையாளரிடம் வர வேண்டும். பலகை அடித்து மூடுவதற்கு முன் கைபேசியில் எடுத்த படங்கள் இருந்தால்கூடப் பாதி வேலை முடிந்தது. பிறகு மாற்றம் செய்யும் ஒவ்வொருவரும், என்னையும் சேர்த்து, அதே ஏட்டில் தேதியிட்டுப் பதிய வேண்டும். அதற்காகக் கடைசியில் வெற்றுப் பக்கங்களை விட்டுவையுங்கள்.

என் பட்டறையில் பழுதுபார்க்கும்போது பலகையைக் கழற்றிக் கண்டறிந்த வயரிங்குகளை நோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். அவை உங்கள் வண்டிகள். சேசிஸ் எண்ணோடு கேட்கும் நிறுவனத்துக்கு, உரிமையாளரின் இசைவு பெற்று, அவற்றின் நகலைக் கட்டணமின்றி அனுப்பித் தருகிறேன். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, வேறுபாடு இருந்தால் திருத்தி, அதே வரிசையில் விற்ற மற்ற வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் இந்தப் பருவம் தொடங்குமுன் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
குமுளியிலிருந்து ஒரு வாகன மின்பணியாளர்